பிரிந்த பேண்ட் மறுபடி மேடையேறுகிறது, போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்வயதில் விழுந்து விழுந்து கேட்ட பேண்ட் பல வருடம் கழித்து ஒன்றுசேர்ந்து கச்சேரி அறிவித்தால், முதல் நாள் சந்தோஷம் தாங்காது. மறுநாளே சந்தேகங்கள் வரிசை கட்டும். இந்த மாதிரிக் கச்சேரிகளுக்கு விடாமல் போய்வருவதால் அந்தச் சந்தேகங்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் மேலிருந்து கீழே படிப்பது நல்லது.

அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சவங்க இப்ப மட்டும் ஏன் சேர்றாங்க? எல்லாம் காசுக்குத்தானே?

பெரும்பாலும் காசுக்குத்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1996-இல் மறுபடி சேர்ந்தபோது ‘இழிபணச் சுற்றுப்பயணம்’ என்கிற அர்த்தத்தில் பெயரே வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கேசட்டும் சிடியும் விற்ற காலத்தில் சுற்றுப்பயணம் ஆல்பத்துக்கு விளம்பரம். இன்று ஆல்பம்தான் சுற்றுப்பயணத்துக்கு விளம்பரம். வருமானம் மேடையில்தான் இருக்கிறது.

ஆனாலும் காசு மட்டுமே காரணமாக இருந்தால் யாரும் அவ்வளவு வருடம் காத்திருக்க மாட்டார்கள். 1980-இல் உடைந்த ஈகிள்ஸ் சேர 14 வருடம் ஆனது. நரகம் பனியாக உறைந்தால் பார்க்கலாம் என்று அந்தக் குழுவின் டான் ஹென்லி முன்பு சொன்னதையே 1994-இல் ஆல்பத்துக்குத் தலைப்பாக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு பக்கம், 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சிக்காக பிங்க் ஃபிளாய்டின் நான்கு பேரும் 24 வருடம் கழித்து ஒரே மேடையில் நின்றார்கள். அது நிதிக்கான கச்சேரிகூட இல்லை, வறுமை ஒழிப்புக்கான பிரச்சாரம். ரிக் ரைட் 2008-இல் இறந்துவிட்டதால் அந்த நால்வரின் கடைசி மேடையும் அதுவாகிவிட்டது. வயது ஏற ஏற பழைய கோபத்தைத் தூக்கிச் சுமக்க முடிவதில்லை என்பதும் ஒரு காரணம்தான்.

ஒரிஜினல் ஆளுங்க எத்தனை பேர் இருந்தா அதை அதே பேண்ட்னு ஒத்துக்கலாம்?

தலை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. குரல் யாருடையது, பாட்டை உருவாக்கியவர் யார், அந்த இருவரில் ஒருவராவது மேடையில் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் என் வழக்கம். ஸ்பைஸ் கேர்ள்ஸ் 2019-இல் விக்டோரியா பெக்கம் இல்லாமல் நான்கு பேராக ஆடினார்கள். அரங்கம் நிறைந்துதான் இருந்தது. குயின் குழுவில் ஃப்ரெடி மெர்குரி 1991-இல் போய்விட்டார், ஜான் டீக்கன் ஒதுங்கிவிட்டார். பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஆடம் லாம்பர்ட்டைப் பாட வைத்துக்கொண்டு, அவர் பெயரையும் சேர்த்தே போஸ்டர் போடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பிள்ளைகள் வந்து உட்காருவது தனி ரகம். லெட் செப்பெலின் 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரே ஓர் இரவு வாசித்தபோது, இறந்துபோன ஜான் பானமின் டிரம்ஸில் அவர் மகன் ஜேசன். ஜெனிசிஸ் கடைசியாகச் சுற்றி வந்தபோது ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாட, பின்னால் மகன் நிக் வாசித்தார். ஒரிஜினல் இல்லையே என்று குறைப்பட அங்கே எனக்குத் தோன்றவில்லை.

ஒரே பேர்ல ரெண்டு குழு சுத்துதே, எது நிஜம்?

பெயர் என்பது சட்டப்படி ஒரு சொத்து. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் போஸ்டரில் போடலாம். பாட்டுப் பாடியவர் வேறு பக்கம் நிற்கலாம். யூபி40 இதற்குத் தெரிந்த உதாரணம்: ஒரு பக்கம் யூபி40, இன்னொரு பக்கம் பழைய பாடகர் அலி கேம்பலின் பெயரோடு ஒட்டிய யூபி40. டிக்கெட் எடுக்கும் முன் மேடையேறும் ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். ‘பாடல்களைக் கொண்டாடும் இரவு’, ‘அஞ்சலி’ மாதிரி வார்த்தை சின்ன எழுத்தில் ஒளிந்திருந்தால், வருவது வேறு யாரோ.

விற்பனை தொடங்கின உடனே உட்கார்ந்தேன், என் முறை வரும்போது விலை எகிறிடுச்சு. ஏமாத்தறாங்களா?

தேவை ஏற ஏற விலையும் ஏறும் முறை இது. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஓயாசிஸ் டிக்கெட்டுகள் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, மணிக்கணக்காக ஆன்லைன் வரிசையில் நின்றவர்கள் கடைசியில் முன்பு சொன்ன விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பார்த்தார்கள். பெரிய கூச்சல் எழுந்து, அந்நாட்டின் போட்டிச் சந்தை ஆணையம் விசாரணையே நடத்தியது. எனவே நீங்கள் மட்டும் ஏமாறவில்லை.

செய்யக்கூடியது இவ்வளவுதான். முன்விற்பனைக்குப் பெயர் பதிவு செய்யச் சொன்னால் அன்றே செய்துவிடுங்கள். கட்டண விவரங்களைக் கணக்கில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். வரிசையில் நிற்கும்போது பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், பின்னால் தள்ளிவிடும். இதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று ஒரு தொகையை முந்தின நாளே காகிதத்தில் எழுதி வையுங்கள். கடிகாரம் ஓடும்போது எடுக்கும் முடிவு மூளை எடுப்பதில்லை, பதினாறு வயதுப் பையன் எடுப்பது.

டிக்கெட் தீர்ந்துடுச்சு. இனி கள்ள விலைக்குத்தான் வாங்கணுமா?

அவசரப்படாதீர்கள். பெரிய பேண்ட் என்றால் முதல் அறிவிப்பில் எல்லாத் தேதிகளையும் சொல்ல மாட்டார்கள். முதல் தேதி தீர்ந்ததும் இரண்டாவது முளைக்கும். அதைவிட முக்கியமானது கச்சேரிக்கு முந்தைய சில நாட்கள். மேடை, கேமரா, ஒலிப்பெருக்கிகள் எங்கே வரும் என்று முடிவாகாத வரை கொஞ்சம் இருக்கைகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். மேடை கட்டி முடித்து இவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்ததும் அவற்றை வழக்கமான விலைக்கே விற்பனைக்கு விடுவார்கள். நல்ல இருக்கைகள் பல அப்படிக் கிடைப்பவைதான்.

மறுவிற்பனை என்றால் டிக்கெட் விற்ற அதே தளத்தில், கணக்கிலிருந்து கணக்குக்கு மாறுகிற முறையில் மட்டும் வாங்குங்கள். டிக்கெட்டின் படத்தை அனுப்புகிறேன், காசு போடுங்கள் என்பவரிடம் வேண்டாம். நுழைவில் காட்டும் குறியீடு பல இடங்களில் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும், படம் வைத்து உள்ளே போக முடியாது. ஒரே படத்தை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் என்பது வாசலில்தான் தெரியவரும்.

முன்னாடி நிக்கிறதா, பின்னாடி உட்கார்றதா?

முகத்தைப் பார்க்க வேண்டுமா, பாட்டைக் கேட்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். மேடைக்கு ஒட்டி நின்றால் தலைக்கு மேல் தொங்கும் பெரிய ஒலிப்பெருக்கிகளின் சத்தம் உங்களைத் தாண்டிப் பின்னால் போகும். டிரம்ஸின் நேரடி அடியும் கிட்டார் பெட்டியின் இரைச்சலும்தான் காதில் விழும், பாடகரின் வார்த்தை கரைந்துவிடும். அரங்கின் நடுவில் சவுண்ட் இன்ஜினியர் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியோடு உட்கார்ந்திருக்கும் மேடை ஒன்று இருக்கும். அவர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அதனால் அந்த மேடைக்குப் பக்கத்தில் ஒலி சுத்தமாக இருக்கும். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அந்த இடத்தைத் தேடி நில்லுங்கள்.

திறந்தவெளி மைதானம் என்றால் இன்னொரு கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், திரையில் டிரம்மரின் கை இறங்கிக் கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்துத்தான் அடி கேட்கும். நடுநடுவே ஒலிப்பெருக்கிக் கோபுரங்கள் நட்டு, மேடைச் சத்தத்தோடு சேர்ந்து வரும்படி அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்தி விடுகிறார்கள். அந்தக் கோபுரத்துக்கு நேர் எதிரே நின்றால் தூரம் இருந்தாலும் தெளிவு இருக்கும். மாடிக்கு அடியில் கூரை தாழ்ந்து வரும் பின்வரிசைகளை மட்டும் தவிருங்கள். அங்கே எல்லாம் மூடிய அறைக்கு வெளியே நின்று கேட்பது மாதிரி ஆகிவிடும்.

மூணு மணி நேரம் நிக்க முட்டி ஒத்துழைக்காது. வெக்கமா இருக்கு, உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாக. பாடுகிறவர்களே உட்கார்ந்து பாடுகிறார்கள். மேலே சொன்ன ஃபில் காலின்ஸ் ஒருவர். 2025 ஜூலை 5 அன்று பிளாக் சாபத்தின் முதல் நால்வரும் பர்மிங்ஹாமில் கடைசியாகச் சேர்ந்தபோது ஆஸி ஆஸ்போர்ன் சிம்மாசனம் போன்ற நாற்காலியிலிருந்து எழாமல் பாடினார். பதினேழு நாள் கழித்து அவர் இறந்தார். உட்கார்ந்து பாடியதற்காக அவரை யாரும் குறைத்துப் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. உட்காரும் டிக்கெட் எடுத்தாலும் முன்னால் இருப்பவர் ஹிட் பாட்டுக்கு எழுந்தால் நீங்களும் எழத்தான் வேண்டியிருக்கும். மேல் தளத்தின் முதல் வரிசையோ, நடைபாதை ஓர இருக்கையோ கிடைத்தால் அந்தத் தொல்லை குறையும். நடப்பதிலோ நிற்பதிலோ உண்மையான சிரமம் உள்ளவர்களுக்கென்று அரங்குகளில் தனி இடம் இருக்கும். அதற்குத் தனித் தொடர்பு எண் வைத்திருப்பார்கள். பொது விற்பனை நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

காதுல இயர்பிளக் வெச்சுக்கிட்டா அப்புறம் கச்சேரிக்கு எதுக்குப் போகணும்?

இதை என்னிடம் கேட்பவர்கள் பஞ்சு மாதிரி இருக்கும் சாதா அடைப்பானை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அது உச்ச ஸ்தாயியை அதிகமாக அமுக்கும், அதனால் பாட்டு மங்கிப்போகும். இசைக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு அப்படியே இருக்கும், இரைச்சல் மட்டும் இறங்கும். சொல்லப்போனால் பாடகரின் வார்த்தைகள் அப்போதுதான் பிரிந்து கேட்கும்.

கணக்கு இதுதான். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். ராக் கச்சேரிகள் சர்வசாதாரணமாக 100-ஐத் தொடும். நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வழிகாட்டியது. ஏசி/டிசியின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் சுற்றுப்பயணத்தை நடுவிலேயே நிறுத்தியது காது முழுதாய்ப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால். மை பிளடி வேலண்டைன் குழுவோ தங்கள் கச்சேரி வாசலில் தாங்களே இயர்பிளக் கொடுத்தார்கள். இளவயதில் கச்சேரி முடிந்து காதில் ‘கொய்ங்’ என்ற சத்தத்தோடு திரும்பியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். இன்று அந்தச் சத்தம் வந்தால் மறுநாள் காலை போகாமலே இருந்துவிடலாம்.

போறதுக்கு முன்னாடி பழைய ஆல்பம் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு கேட்டுட்டுப் போகணுமா?

வேண்டாம் என்பேன். கடைசி வாரம் முழுக்க அந்த ரெக்கார்டிங்கையே ஓடவிட்டால், இருபத்தைந்து வயதுக் குரல் காதில் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். அறுபது வயதுக் குரல் அதோடு மோதித் தோற்கும். அதற்குப் பதில் இதே சுற்றுப்பயணத்தில் யாராவது எடுத்த வீடியோவில் இரண்டு பாட்டு கேளுங்கள். குரல் எந்த நிலையில் இருக்கிறது, தாளம் எவ்வளவு நிதானம் என்று காதுக்குப் பழகும். வார்த்தைகளை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அந்த வயதில் மனப்பாடமானது எங்கும் போகாது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வருகின்றன என்று உளவியலாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். பாட்டும் அந்தக் கணக்கில்தான்.

செட்லிஸ்ட்டை முன்னாடியே பார்த்துடலாமா, சஸ்பென்ஸ் போயிடுமா?

செட்லிஸ்ட் என்பது மேடையில் வரப்போகும் பாட்டுகளின் பட்டியல். உங்களுக்கு ஒரே ஒரு பாட்டு உயிர் என்றால் பாருங்கள். அது பட்டியலில் இல்லை என்று வீட்டில் தெரிந்துகொள்வது, ‘இப்ப வரும், இப்ப வரும்’ என்று கச்சேரி முழுக்கக் காத்துக் கிடப்பதைவிட மேல். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பார்க்க வேண்டாம். விளக்கு அணைந்து, டிரம்மர் குச்சிகளை நான்கு தரம் தட்டி, முதல் ஸ்வரம் விழும் அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர் ‘இது அதுதான்!’ என்று உங்கள் தோளைப் பிடிப்பாரே, அதை எதற்கு விட வேண்டும்?

பாடகருக்குக் குரலே போயிடுச்சுன்னு சொல்றாங்க. நினைப்பு கெட்டுடாதா?

மேலே ஆல்பம் பற்றிச் சொன்னதைச் செய்தால் பாதி ஏமாற்றம் குறையும். மீதிக்கு, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால் சுவாரசியம்தான் வரும். வயதானால் குரல் நாண்கள் விறைப்படைகின்றன, மூச்சின் பலம் குறைகிறது. உச்ச ஸ்தாயி முதலில் கையை விரிக்கும். எனவே அரைக் கட்டையோ ஒரு கட்டையோ சுதியை இறக்கித்தான் பாடுவார்கள். முதல் வரியில் ஏதோ மங்கலாக இருக்கிறதே என்று தோன்றும். இரண்டாவது வரிக்குள் பழகிவிடும்.

மேல் ஸ்தாயிப் பல்லவி நெருங்கும்போது பாடகரை மட்டும் உற்றுப் பாருங்கள். இரண்டு வரி முன்னதாகவே பின்னணிப் பாடகியை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். அரை அடி பின்வாங்குவார். அந்த ஸ்வரம் வரும் இடத்தில் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிடுவார். அரங்கமே அலறும், நாம் பாடியதாக நமக்குச் சந்தோஷம், தொண்டை தப்பித்ததாக அவருக்குச் சந்தோஷம். இதைப் பித்தலாட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது நாற்பது வருட மேடை அனுபவமாகத்தான் தெரிகிறது. முடியாத ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கப் போய்க் கிழிவதைக் கேட்பதுதான் கொடுமை.

மெதுவான பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். வேகப் பாட்டில் வயது எதையாவது எடுத்துக்கொள்ளும். மெதுவான பாட்டில் எதையாவது கொடுக்கும். இருபது வயதில் எழுதிய பிரிவுப் பாட்டை, அதற்குப் பிறகு நிஜமாகவே பலரைப் பறிகொடுத்தவர் பாடும்போது வேறு மாதிரி இருக்கும்.

நிஜமாப் பாடறாங்களா, இல்ல ட்ராக் ஓடுதா?

பெரிய மேடைகளில் கொஞ்சமாவது ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த ஒலி, ஓடும். ரெக்கார்டிங்கில் இருந்த வயலின் கூட்டத்தையும் அடுக்கடுக்கான குரல்களையும் ஐந்து பேர் எப்படிக் கொண்டுவருவார்கள்? டிரம்மர் காதில் தாளம் காட்ட ஒரு ‘டிக் டிக்’ ஓடும், அதோடு எல்லாம் ஒட்டியிருக்கும். அது தவறில்லை. முக்கியக் குரலே ட்ராக்கில் வந்தால்தான் கோபப்படலாம். பாடகர் குதித்து ஓடும்போதும் மூச்சிரைப்பு துளியும் கேட்காமல், மைக் விலகியும் சத்தம் குறையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வார்த்தையை மறந்து உளறினால் நிம்மதியாக இருங்கள், அது நிஜம்.

பழசைக் கேட்கத்தானே போறோம், நடுவுல புதுப் பாட்டு போட்டு ஏன் கழுத்தறுக்கறாங்க?

முப்பது வருடமாக ஒரே பாட்டை வாசிப்பவர்களுக்கும் உயிர் வாழ ஏதாவது வேண்டும். அவர்கள் முகத்தில் அன்றைக்கு நிஜமான ஆர்வம் தெரியும் இடம் பெரும்பாலும் அந்தப் புதுப் பாட்டுதான். கழிவறை வரிசை நீளுவதும் அதே நேரத்தில்தான் என்பதால், வசதியாகப் போய்வர நினைத்தால் அதற்கு முந்தின ஹிட்டின் கடைசிப் பல்லவியிலேயே கிளம்பிவிடுங்கள்.

முதல் பாட்டுலயே அழுகை வந்துடும்போல இருக்கு. அசிங்கமாயிடுமா?

சுற்றிப் பாருங்கள், பாதிப் பேர் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இருட்டில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

போன்ல எடுக்காம எப்படி?

ஒரு பாட்டு எடுங்கள், அது எந்தப் பாட்டு என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு போனைப் பைக்குள் போடுங்கள். நீங்கள் தூக்கிப் பிடிக்கும் போன் பின்னால் இருப்பவரின் கச்சேரியை மறைக்கிறது. போனின் சின்ன மைக் அந்தச் சத்தத்தைத் தாங்காது, வீட்டில் போட்டால் கரகரப்புதான் மிஞ்சும். உங்களைவிட நல்ல இடத்தில் நின்றவர் எடுத்தது எப்படியும் மறுநாள் கிடைத்துவிடும். சில குழுக்கள் போனைப் பூட்டுப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், மூன்றாவது பாட்டில் மறந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு அந்த பேண்ட் பேரே தெரியாது. கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போகலாமா?

டிக்கெட் விலையை யோசித்தால் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் மணி பார்த்துக்கொண்டிருந்தால் உங்களாலும் ஒன்ற முடியாது. அவர் விரும்பி வருகிறேன் என்றால் மட்டும், முதலில் நான்கு பாட்டு கேட்க வையுங்கள். அதற்கு மேல் பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் காது பற்றி மேலே சொன்னதைக் கட்டாயம் பாருங்கள். சின்னக் குழந்தைக்கு இயர்பிளக் நிற்காது, காதை மூடும் கவசம் வேண்டும். எத்தனை வயதுக்கு மேல் அனுமதி என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

தனியாகப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம். இந்த வகைக் கச்சேரியில் தனியாக வருபவர்கள் அதிகம். பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘உங்களுக்கு எந்த ஆல்பம்?’ என்று ஒரு கேள்வி போதும், இடைவேளை முழுக்க அவரே பேசுவார்.

அந்தப் பாட்டெல்லாம் ஒண்ணாக் கேட்ட ஃப்ரெண்டோட பல வருஷமாப் பேச்சே இல்ல. இதைச் சாக்கா வெச்சுக் கூப்பிடலாமா?

சண்டை போட்டுப் பேச்சு நின்றதா, தானாகத் தேய்ந்து நின்றதா என்று பாருங்கள். தேய்ந்து நின்ற நட்புக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ‘அவங்க மறுபடி வர்றாங்க, பார்த்தியா?’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும். விளக்கம், மன்னிப்பு எதுவும் முதல் செய்தியில் வேண்டாம். சண்டையில் நின்றது என்றால், டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடாதீர்கள். வந்தே ஆகவேண்டும் என்ற சங்கடத்தில் அவரைத் தள்ளிவிடும். முதலில் ஒருநாள் சாதாரணமாகப் பேசிவிட்டு அப்புறம் கச்சேரியைப் பற்றிப் பேசுங்கள். நண்பர்களாகத் தொடங்கிப் பிரிந்த பாடகர் ஜோடி சைமனும் கார்ஃபங்கலும் 1981-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 5 லட்சம் பேர் முன்னால் சேர்ந்து பாடினார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிடவில்லை. கச்சேரி அந்த வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தப் பாடகரைப் பத்தி இப்ப கேள்விப்படறது எதுவும் நல்லா இல்ல. போனா தப்பா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. சின்ன வயதில் கேட்ட பாட்டு உங்களுடையது, அதை யாரும் பறிக்க முடியாது. இன்று வாங்கும் டிக்கெட் வேறு, அது இன்றைய ஆளின் கைக்குப் போகும் காசு. நானாக இருந்தால் குற்றச்சாட்டின் கனத்தைப் பார்ப்பேன். வாய்த்துடுக்கு, அகங்காரம், பழைய உளறல் என்றால் போவேன். யாரையாவது உண்மையில் நோகடித்த விவகாரம் என்றால், அவரைப் பார்த்துக் கைதட்ட என் கை எழாது. வீட்டில் பழைய கேசட்டைக் கேட்பேனா என்றால், அது பாட்டைப் பொறுத்தது.

‘கடைசிச் சுற்றுப்பயணம்’னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்ப வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். தி ஹூ 1982-இல் விடைபெற்றார்கள், 1989-இல் மறுபடி சுற்றினார்கள். கிஸ் 2000-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு இன்னொரு விடைபெறும் சுற்றுப்பயணம் 2023 டிசம்பரில்தான் முடிந்தது. ‘கடைசி’ என்பது டிக்கெட் விற்கும் வார்த்தையும்கூட. ஆனால் மேலே பிங்க் ஃபிளாய்டு பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி என்று யாருமே சொல்லாத கச்சேரி கடைசியாகிப் போவதும் நடக்கிறது. உறுப்பினர்கள் எழுபதை நெருங்கிவிட்டால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது வீண் சூதாட்டம்.

அதே வயதுக் காரணத்தால் ரத்தாகும் வாய்ப்பும் அதிகம். பயணம், தங்கும் அறை இரண்டையும் பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் பதிவு செய்யுங்கள். கச்சேரி ரத்தானால் டிக்கெட் காசு பொதுவாகத் திரும்பும், ரயிலுக்கும் அறைக்கும் கொடுத்ததை யாரும் தர மாட்டார்கள். தள்ளிவைத்தால் பழைய டிக்கெட்டே செல்லும் என்பார்கள். பணம்தான் வேண்டும் என்றால் அதைக் கேட்க ஒரு கெடு இருக்கும், மின்னஞ்சலை ஒழுங்காகப் படியுங்கள்.

ஆளே இல்லாம உருவத்தை மட்டும் திரையில காட்டற ஷோவுக்கு இவ்வளவு காசா?

1982-க்குப் பிறகு சேர்ந்து வேலை செய்வதை நிறுத்திய அபா, 2022 மே மாதம் லண்டனில் தங்களுக்கென்றே கட்டிய அரங்கில் இப்படி வந்தார்கள். நால்வரும் வாரக்கணக்கில் கேமரா முன் பாடி ஆடி, அந்த அசைவுகளின் மேல் 1970-களின் உடலைப் போர்த்தியிருக்கிறார்கள். பக்கத்தில் பத்துப் பேர் கொண்ட குழு நேரில் வாசிக்கிறது. ஜனங்கள் ஆடித் தீர்க்கிறார்கள். எனக்குப் பிடிக்காத இடம் ஒன்றுதான்: அங்கே எதுவும் தப்பாகிவிட வாய்ப்பில்லை. பாடகர் மைக்கை நீட்டித் தப்பிப்பதைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த மாதிரி ஒரு நொடி அங்கே வராது. அது வேண்டாம், இளமையாகப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நல்ல மாலை.

போய்ட்டு வந்துட்டேன். அடுத்த ஊருக்கும் போகணும்போல இருக்கு. இது சரியா?

ஒரே சுற்றுப்பயணத்தில் பாட்டு வரிசை பெரிதாக மாறாது. விளக்கு, திரை, டிரம்மரின் ‘டிக் டிக்’ எல்லாம் அந்த வரிசைக்குக் கட்டியவை. நடுவில் சொல்லும் நகைச்சுவைகூட வார்த்தை மாறாமல் வரும், அன்றைக்குத் திடீரென்று தோன்றியது என்று நினைத்து உருகியிருப்பீர்கள். அதைத் தாங்க முடியும் என்றால் போங்கள். இரண்டாம் முறை வேறு இடத்தில் நில்லுங்கள்: முதல் தடவை முகம் பார்த்திருந்தால் இந்தத் தடவை மிக்சர் பக்கம். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், இடையில் ஓய்வு நாள் விட்டு வரும் முதல் இரவை எடுங்கள். தொடர்ந்து இரண்டாவது இரவில் தொண்டை களைத்திருக்கும். மூன்றாவது ஊருக்கும் எடுத்துவிட்டு வந்து சரியா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, எனக்கும் அதே வியாதி.